போலி நண்பர்களோடு ஒரு சீட்டாட்டம்

பிரெஞ்சுப் பாடத்தில் 'லிப்ரெரி' என்ற சொல்லைப் பார்க்கும் மாணவர் அகராதியைத் திறப்பதில்லை. அச்சில் அது ஆங்கில 'லைப்ரரி'யின் உடன்பிறப்பு போலவே இருக்கிறது. நூலகம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ஆனால் அதன் பொருள் புத்தகக் கடை. நூலகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பிப்லியோதெக்' என்பார்கள். 'அத்தாந்த்ர' என்றால் காத்திருப்பது. ஆங்கில 'அட்டெண்ட்' போல ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பதைச் சொல்ல 'அசிஸ்தே' என்ற வினை இருக்கிறது. அதைப் படிப்பவரோ 'அசிஸ்ட்' என்று நினைத்து, அங்கே போனவர் யாருக்கோ உதவி செய்ததாகப் புரிந்துகொள்கிறார். 'பாசே' என்ற வினையைத் தேர்வோடு சேர்த்துச் சொன்னால் தேர்வு எழுதியதாகத்தான் பொருள், தேறியதாக அல்ல. 'எவாந்துவெல்மான் வருகிறேன்' என்று ஒரு பிரெஞ்சு நண்பர் எழுதினால் அவர் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ஆங்கில 'ஈவென்சுவலி'யை மனத்தில் வைத்துப் படிப்பவரோ, தாமதமானாலும் நிச்சயம் வந்துவிடுவார் என்று இலை போட்டுக் காத்திருப்பார். தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒலி வேறுபாடு இவற்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ரோமன் எழுத்தில், அதுவும் வேகமாகப் படிக்கும்போது, ஒற்றுமை மட்டுமே கண்ணில் படும். ஆகவே இந்தத் தொல்லை பேச்சைவிட வாசிப்பிலும் எழுத்திலும்தான் அதிகம்.

இத்தகைய சொற்களுக்குப் 'போலி நண்பர்கள்' என்ற பெயர் பிரெஞ்சு மொழியிலிருந்துதான் பரவியது. 1928-இல் பாரிஸில் மாக்சிம் கோஸ்லர், ஜூல் தெரோக்கிஞி என்ற இருவர் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அறிவுரையாக ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆங்கிலச் சொற்கள் செய்யும் துரோகங்கள் என்று அதன் தலைப்பே குற்றம்சாட்டுகிறது. அதன்பின் வந்த பாடநூல்களின் பின்பக்கங்களில் இந்தச் சொற்கள் பட்டியலாக வந்துகொண்டே இருக்கின்றன. இடது பக்கம் பிரெஞ்சு, வலது பக்கம் ஆங்கிலம், ஓரத்தில் எச்சரிக்கைக் குறி. மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். இருந்தும் அதே பிழைகள் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. பட்டியல்கள் இந்த வேலைக்கு ஏற்ற கருவியே அல்ல என்பதும், விளையாட்டுதான் ஏற்ற கருவி என்பதும் என் வாதம். எந்த விளையாட்டும் அல்ல. கற்பவரைத் துணிந்து தப்பாகச் சொல்லவைத்து, சொன்ன கையோடு திருத்துகிற விளையாட்டு.

ஏன் என்று புரிய, இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்கு அங்கே அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362-இல்தான். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் குடியேறின. பிறகு இரண்டு மொழிகளும் தத்தம் வழியே நடந்தன. 'ஜூர்னே' என்பது பிரெஞ்சில் இன்றும் ஒரு நாள் பொழுதுதான். ஆங்கிலத்தில் அது ஒரு நாளில் நடந்து கடக்கும் தொலைவாகி, பிறகு நாள் கணக்கை உதறிவிட்டு வெறும் பயணமாக, 'ஜர்னி'யாக நின்றுவிட்டது. 'தெமாந்தே' என்றால் பிரெஞ்சில் கேட்பது, சாதாரணமாகக் கேட்பது. இங்கிலாந்து நீதிமன்றங்களில் அது உரிமையோடு கோருவதற்கான சொல்லாக வழங்கி, அந்த அதிகாரத் தொனியோடு 'டிமாண்ட்' ஆகிவிட்டது. இன்னொன்று பத்திரிகை படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அரபு மொழியில் கிடங்கைக் குறிக்கும் 'மக்ஸன்' ஐரோப்பாவுக்குள் வந்து பிரெஞ்சில் 'மகாசேன்' என்ற கடையாயிற்று. ஆங்கிலத்திலும் முதலில் கிடங்காகத்தான் இருந்தது. 1731-இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்ற அச்சகர் பலவகைச் செய்திகளின் கிடங்கு என்ற கருத்தில் தம் மாத இதழுக்கு அந்தப் பெயரை வைக்க, 'மேகஸின்' பிறந்தது. போலி நண்பர்கள் என்று நாம் திட்டும் சொற்களில் மிகப் பல இப்படி ஒரே வயிற்றில் பிறந்தவை. உண்மையான உறவு இருப்பதால்தான் நம்புகிறோம். அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது: 'நாசியோன்' நேஷன்தான், 'அனிமால்' அனிமல்தான், 'தாப்ல்' டேபிள்தான். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பிரெஞ்சுச் செய்தித்தாளை முதல் மாதமே தத்தித் தத்திப் படிக்க முடிவது இந்த நம்பிக்கையின் பலத்தில்தான்.

எனவே லிப்ரெரியில் இடறி விழுபவரை அறியாதவர் என்று சொல்வதைவிட அளவுக்கு மீறி உறுதியானவர் என்று சொல்வதே பொருந்தும். அந்த உறுதி எவ்வளவு ஆழத்தில் வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. 1987-இல் போவிலேன், கிரேஞ்சர் என்ற இரு உளவியலாளர்கள் இரு மொழியும் அறிந்தவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துக்கூட்டு, ஆனால் வேறு பொருள் கொண்ட சொற்களை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் நாணயத்தைக் குறிக்கும் 'காயின்' பிரெஞ்சில் 'குவேன்' என்ற ஒலியோடு மூலையைக் குறிப்பது போன்றவை அவை. அந்தச் சொல்லைப் பிரெஞ்சுச் சொல்லாகப் படிக்க வேண்டிய சூழலிலும், 150 மில்லிநொடி இடைவெளியில் மனம் ஆங்கிலப் பொருளையும் சேர்த்தே எழுப்பிவிட்டது. 750 மில்லிநொடி கொடுத்தபோது அது அடங்கிவிட்டது. இரண்டு கதவும் முதலில் திறந்துகொள்கின்றன, பிறகுதான் ஒன்று மூடப்படுகிறது. தேர்ந்தவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தணிக்கை மன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஜெரமி கார்ட்னர், ஒன்றியத்தின் ஆங்கில ஆவணங்களில் தவறாகப் புழங்கும் சொற்களைத் தொகுத்து 2013-இல் ஓர் அறிக்கையாக்கினார். தற்போதைய என்ற பொருளில் 'ஆக்சுவல்', நேர்ந்தால் நேரக்கூடிய என்ற பொருளில் 'ஈவென்சுவல்', சரிபார்ப்பது என்ற பொருளில் 'கன்ட்ரோல்' என்று பிரெஞ்சுப் பொருள்கள் ஆங்கில உடையில் உலவுவதை அதில் காணலாம். இவற்றை எழுதுபவர்கள் முதலாண்டு மாணவர்கள் அல்லர். இரண்டு மொழிகளிலும் பல்லாண்டு உழைத்த அதிகாரிகள். வேறுபாட்டை அறிந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

பட்டியலைப் படிப்பது அந்த அறிதலை மட்டும்தான் தருகிறது. அதிலும் பாதிதான் தங்குகிறது. 2008-இல் கார்பிக்கி, ரோடிகர் இருவரும் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டு, திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் நின்றது. வாங்கி வைப்பதைவிட எடுத்துக் கொடுப்பதில்தான் நினைவு உறுதிப்படுகிறது. போலி நண்பர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 2001-இல் பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் ஆகியோர் மக்களிடம் பொதுஅறிவுக் கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் எவ்வளவு உறுதி என்றும் கேட்டார்கள். தவறானபோது சரியான விடையை உடனே சொன்னார்கள். மறுபடி சோதித்தபோது, தயங்கித் தயங்கிச் சொன்ன தவறுகளைவிட, அடித்துச் சொன்ன தவறுகளே அதிகம் திருந்தியிருந்தன. சரி என்று நம்பியிருந்தது பொய்யாகும்போது ஏற்படும் அதிர்ச்சி கவனத்தை இழுத்து நிறுத்துகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அடித்துச் சொல்லும் தவறுக்குப் போலி நண்பனைவிடப் பொருத்தமான விளைநிலம் உண்டா? பட்டியல் செய்வது என்னவென்றால், மாணவர் தவறுவதற்கு முன்பே விடையை நீட்டி, அந்த அதிர்ச்சியைத் தடுத்துவிடுகிறது.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். நான்கு பேர், நடுவில் கவிழ்த்து வைத்த சீட்டுக்கட்டு, ஆளுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. ஒவ்வொரு சீட்டின் முன்பக்கத்திலும் ஒரு பிரெஞ்சு வாக்கியம், அதில் ஒரு சொல் அடிக்கோடிட்டது, பின்பக்கத்தில் பொருள். ஒருவர் மேல்சீட்டை எடுத்து வாசிக்கிறார்: மருத்துவர் 'ஆக்துவெல்மான்' இல்லை. பொருளைச் சொல்லுமுன் எத்தனை கொட்டை பந்தயம் என்று அவர் வைத்துக் காட்ட வேண்டும். ஒன்று முதல் மூன்று வரை. 'ஆக்சுவலி' என்ற துணிவில் மூன்றையும் வைத்துவிட்டு, 'உண்மையில் மருத்துவர் இல்லை' என்கிறார். சீட்டைத் திருப்புகிறார்கள்: தற்போது இல்லை. மூன்று கொட்டையும் போய்விட்டது. அதோடு விடாமல், சரியான பொருளில் ஒரு புது வாக்கியத்தை அவரே அமைத்துச் சொன்னால்தான் ஆட்டம் அடுத்தவருக்கு நகரும். அந்தச் சீட்டு கட்டின் அடிக்குப் போவதில்லை. மேலிருந்து ஆறாவது இடத்தில் செருகப்படுகிறது, சற்று மறந்த வேளையில் மீண்டும் வரட்டும் என்று. இந்தப் பந்தயம்தான் ஆட்டத்தின் உயிர். எவ்வளவு உறுதியாக இருந்தோம் என்பது மேசைமேல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இரண்டு மூன்று சுற்று ஆனதும் ஆடுபவர்கள் 'சான்சீப்ல்' என்ற சொல்லைப் பார்த்ததும் கொட்டையை வைக்கப் போன கையை நிறுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் விவேகமானவர், பிரெஞ்சில் எளிதில் மனம் நெகிழ்பவர் என்று பிரித்தறிய அந்த ஒரு நொடித் தயக்கம் போதும். 150 மில்லிநொடிக்கும் 750 மில்லிநொடிக்கும் நடுவே மனம் செய்துமுடிக்கும் வேலை அதுதான்.

மொழி வகுப்பில் விளையாட்டு ஒன்றும் புதிதல்ல. பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக ழான்-மார்க் காரே, ஃபிரான்சிஸ் தெபிசே இருவரும் 1978-இலேயே விளையாட்டுகள் பற்றி ஒரு முழு நூல் எழுதிவிட்டார்கள். இன்று கைப்பேசிச் செயலிகளும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் பரவலாகக் கிடைக்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை சோடி சேர்ப்பவை: சொல் ஒரு பக்கம், பொருள்கள் மறுபக்கம், பொருந்துவதைத் தொட வேண்டும். போலி நண்பர்களுக்கு இது உதவாது என்பேன். நான்கு பொருள்களில் மூன்றை நீக்கிவிட்டு நான்காவதைத் தொட்டவர் அந்தச் சொல்லை நினைவிலிருந்து எடுக்கவே இல்லை. கழித்தல் கணக்குதான் போட்டார். நேரத்தோடு ஓடும் ஆட்டங்களில் இன்னொரு கேடும் உண்டு. வேகத்துக்குப் பரிசு கொடுத்தால், யோசிக்காமல் தொடுகிற பழக்கத்துக்குப் பரிசு கொடுத்ததாகிறது. தயக்கத்தைக் கற்றுத்தர வேண்டிய இடத்தில் கடிகாரத்துக்கு என்ன வேலை?

தவறான விடையை வாய்விட்டுச் சொல்லவைத்தால் தவறே பதிந்துவிடாதா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கவலை, பாதி உண்மையும்கூட. 2011-இல் பட்லர், ஃபாசியோ, மார்ஷ் ஆகியோர் இதே சோதனையை ஒரு வார இடைவெளி விட்டுச் செய்துபார்த்தார்கள். அடித்துச் சொன்ன தவறுகள் ஒரு வாரத்துக்குப் பிறகும் மற்றவற்றைவிட நன்றாகவே திருந்தியிருந்தன. ஆனால் சரியான விடை மறந்துபோன இடங்களில், பழைய உறுதியான தவறு மறுபடி தலைகாட்டியது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், ஒருமுறை ஆடிவிட்டுக் கட்டை மூடிவைப்பது ஆபத்து என்பதே. அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொல்லிக்கொடுத்த முறை: அறைகள் பிரித்த ஒரு பெட்டி, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும், பின் அறைகளைத் திறக்கும் இடைவெளி வரவர நீளும். ஆட்டத்தில் மூன்று கொட்டையை இழக்கவைத்த சீட்டு ஒவ்வொன்றும் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். இரண்டாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று அது மீண்டும் கட்டுக்குள் வரட்டும். தவறு பதிந்துவிடும் என்ற அச்சத்துக்குத் தவறவே விடாமல் தடுப்பது மருந்தல்ல. மாணவர் எப்படியும் தவறத்தான் போகிறார்; வகுப்பில் தவறினால் திருத்த ஆள் இருக்கிறது, தேர்வுத்தாளிலும் ஒப்பந்தத்திலும் இல்லை. ஒப்பந்தத்தில் தவறினால் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரே ஒரு சொல்: பிரெஞ்சு 'பிலியோன்' லட்சம் கோடி; ஆங்கில 'பில்லியன்' நூறு கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் ஒன்று சொல் கற்பித்தலை ஆய்ந்தவர்களிடமிருந்து வருகிறது. ஒன்றோடொன்று நெருங்கிய புதுச் சொற்களை ஒரே நேரத்தில் கற்றுக்கொடுத்தால் குழப்பம் கூடும் என்று டிங்கம் 1993-இல் காட்டினார். பால் நேஷனும் அதையே எச்சரித்திருக்கிறார். அப்படியானால் லிப்ரெரியையும் பிப்லியோதெக்கையும் ஒரே சீட்டில் போடுவது சரியா? சரியில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு சொல்லும் புதிதாக இருக்கும்போது சேர்த்துக் கொடுத்தால், வாரக் கடைசியில் எது கடை, எது நூலகம் என்பதே மாணவருக்கு மறந்துபோகும். ஒன்று நிலைபெற்ற பிறகு மற்றது வரட்டும். ஆனால் ஆங்கிலச் சொல்லோடு ஒப்பிடுவது வேறு கதை. அது மாணவரின் மனத்தில் ஏற்கெனவே ஆழமாக உட்கார்ந்திருக்கிறது, நாம் கொண்டுவந்து வைப்பதல்ல. அதை மறைத்து வைத்துப் பாடம் நடத்தவும் முடியாது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு: போலிகளையே திரும்பத் திரும்பக் காட்டினால் மாணவர் உண்மை நண்பர்களையும் சந்தேகிக்கத் தொடங்குவார். 'ஓப்பித்தால்' என்ற சொல்லைப் பார்த்து இது ஹாஸ்பிடலாக இருக்கவே முடியாது என்று முடிவுகட்டுபவர் பெரியதொரு சொத்தைத் தூக்கி எறிகிறார். எனவே கட்டில் உண்மை நண்பர்களும் கலந்திருப்பது கட்டாயம். அப்போதுதான் பந்தயத்துக்குப் பொருள் உண்டு. எல்லாச் சீட்டும் பொறி என்று தெரிந்துவிட்டால், ஆங்கிலப் பொருளை விட்டு வேறு எதையாவது சொல்வதே வெற்றிக்கு வழியாகிவிடும்.

நிறையப் படித்தால் சூழலே பொருளைத் திருத்திவிடும், விளையாட்டெல்லாம் எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். சில சொற்களுக்கு இது சரி. 'பேன்' என்ற சொல்லை வலி என்று படித்தவர், அதன்மேல் வெண்ணெய் தடவுகிறார்கள் என்ற அடுத்த வரியில் விழித்துக்கொள்வார், அது ரொட்டி. ஆனால் உண்மையில் தொல்லை கொடுக்கும் போலிகள், தவறான பொருளிலும் வாக்கியம் இயல்பாக ஓடும் இடங்களில்தான் ஒளிந்திருக்கின்றன. மருத்துவர் தற்போது இல்லை, மருத்துவர் உண்மையில் இல்லை, இரண்டும் நடக்கக்கூடியவை. அவர் 'தெசெப்சியோன்' அடைந்தார் என்றால் ஏமாற்றம் அடைந்தார்; ஆங்கில 'டிசெப்ஷன்' வழியாகப் படித்தால் ஏமாற்றப்பட்டார். கதை எந்தப் பக்கமும் சாயலாம். இருபது முறை படித்தாலும் தவறான பொருளே இருபது முறை உறுதிப்படும், ஏனெனில் யாரும் தடுப்பதில்லை. இன்னும் கடினமானவை பாதி நண்பர்கள். 'எக்ஸ்பெரியான்ஸ்' அனுபவமும்தான், ஆய்வுக்கூடச் சோதனையும்தான். அசிஸ்தேகூட, பின்வரும் சொல் எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்து, உதவுவதையும் குறிக்கும். இவற்றை ஒற்றைச் சொல்லாகச் சீட்டில் எழுதினால் சீட்டே பொய் சொன்னதாகிவிடும். ஆகவேதான் முன்பக்கத்தில் வாக்கியம் வேண்டும் என்கிறேன். ஒரே சொல்லுக்கு இரண்டு வாக்கியம், இரண்டு சீட்டு.

இது நமக்கு எட்டாத ஐரோப்பிய விவகாரம் அல்ல. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுப்பவர்களும், புதுச்சேரியில் அதைக் கற்பவர்களும், மான்ட்ரியாலில் குடியேறி வேலைக்காகப் படிக்கும் ஈழத்தமிழர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரெஞ்சுக்குள் நுழைகிறார்கள். அகராதி ஆங்கிலத்தில், விளக்கம் ஆங்கிலத்தில், நினைவுக்கான கொக்கியும் ஆங்கிலத்தில். தாய்மொழியில் இந்தப் போலி நண்பர்கள் இல்லாதபோதும், இரண்டாம் மொழியிலிருந்து அவற்றைக் கடன் வாங்கிக்கொள்கிறோம். அவர்களுக்கான சீட்டின் பின்பக்கத்தில் பொருள் தமிழில் இருப்பது நல்லது. 'எவாந்துவெல்மான்' என்பதற்கு ஆங்கிலத்தில் விளக்கம் தேடுவதைவிட 'வந்தாலும் வரலாம்' என்ற தமிழ் இழுவையே அதன் தொனியை நேராகத் தந்துவிடுகிறது.

கட்டைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் பருவத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும்போது மாணவர்கள் விழுந்த சொற்களைக் குறித்துவைத்தால், அந்த வகுப்புக்கே உரிய கட்டு கிடைத்துவிடும். யார் தவறினார்கள் என்ற பெயர் அதில் வேண்டாம். தொடக்கத்துக்கு முப்பது சீட்டு போதும். பன்னிரண்டில் போலிகள், பன்னிரண்டில் உண்மை நண்பர்கள், மீதி ஆறில் பாதி நண்பர்கள். வாரத்துக்கு இருமுறை, பாடவேளையின் கடைசிக் கால் மணி நேரம். மூன்று வாரம் தொடர்ந்து யாரும் இடறாத சீட்டை எடுத்துவிட்டு, அந்த வாரத்து வாசிப்பில் புதிதாக விழவைத்த சொல்லை அந்த இடத்தில் வைக்கலாம். புது வாக்கியத்தை எழுதும் பொறுப்பை அந்தச் சொல்லில் விழுந்த மாணவரிடமே கொடுக்கலாம்.